ஜார்ஜ் வாஷிங்டனும் அவர் பெற்ற சன்னதுகளும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டனுடைய பெயரை அறியாதார் நம்மவருள் அரியர். பள்ளிச் சிறுவரும் அவரை அறிவர். ஆயினும், அவர் தமது இருபதாம் ஆண்டு முதல் இறுதிநாள்காறும் படைப்பதவி என்னும் ஒன்றன்பொருட்டு அடைந்த ஏக்கமும், பட்ட அவமதிப்பும், பின்னர் அப்பதவியைக் கையாண்ட பெருந்தகைமையும் பலர்க்குத் தெரியா. அவற்றையே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். உத்தியோகமும் பட்டமும் பெறுவதில் நம் குடும்பங்களில் எழும் மகிழ்ச்சியையும் மனத்தாங்கலையும் நன்கறிந்த நம் சங்க அன்பர்கட்கு இவ்வரலாறு பயன்படும் என்பது எம் துணிபு.

படைத்தலைவர் ஒருவர்க்கு அதிகாரம் தருவது, அரசரோ கவர்னரோ கையொப்பமிட்டு முத்திரை வைத்துக் கொடுக்கும் நியமனப் பத்திரமாகும். அதனை ஆங்கிலர் கமிஷன் என்பர். கமிஷன் என்றவுடன் நம் வணிக அன்பர்கட்கு மண்டித் தரகே நினைவுக்கு வரும். யாம் கூறுவதோ முற்காலத்தில் நம்மவர் சன்னது என்று வழங்கிய அதிகாரப் பத்திரம். இதுவேயன்றி, உயர்ந்த பதவியின் பெயரை மட்டும் தந்து சிறப்பிக்கும் கௌரவப் பத்திரமும் ஒன்று உண்டு. அதனைப் பிரெவெட் என்பர். பிரெவெட் பெற்றவர் உயர்ந்த பெயரால் அழைக்கப்படுவார். சம்பளமோ பெரும்பாலும் பழைய சம்பளமே. தமிழ் வேந்தர் தம் படைத்தலைவர்க்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் அளித்துச் சிறப்பித்ததனைக் கேட்டறிந்த நம்மவர்க்கு இவ்வழக்கத்தின் கருத்து எளிதில் விளங்கும்.

பிறப்பும் முதற் பதவியும்

வாஷிங்டன் 1732-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் வர்ஜீனியா மாகாணத்திற் பிறந்தார். அக்காலத்தில் அமெரிக்கக் கீழ்க்கரையிலிருந்த மாகாணங்கள் பிரிட்டிஷ் அரசர்க்கு உட்பட்ட குடியேற்ற நாடுகளாக இருந்தன. அவர்தம் பதினோராம் ஆண்டில், அஃதாவது 1743-இல், தந்தையார் காலஞ்சென்றார். அதனால், கல்லூரிக் கல்வி பெறும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டிலது. நில அளவைத் தொழிலைப் பயின்று, தம் பதினேழாம் ஆண்டிலேயே கல்பெப்பர் என்னும் ஜில்லாவின் நில அளவையாளராயினார்.

அவருக்குத் தந்தையின் முதல் மனைவி வயிற்றிற் பிறந்த தமையனார் ஒருவர் இருந்தார். லாரன்ஸ் என்பது அவர் பெயர். லாரன்ஸ் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் வெர்னன் என்பாரொடு தென்கடல் சென்று போர் செய்தவர். அத்தலைவரிடத்துக் கொண்ட மதிப்பால் தம் பண்ணைக்கு மவுண்ட் வெர்னன் என்று பெயரிட்டவர். அவர் வர்ஜீனியாக் குடிப்படையின் அட்ஜுடண்டு என்னும் பதவியில் அமர்ந்திருந்தார். குடிப்படையாவது, உழவரும் வணிகருமாகிய ஊர் மக்கள் வேண்டுங்காலத்துப் படைக்கலம் ஏந்திக் கூடும் படை. அவர்கட்குப் பயிற்சி அளிப்பதும் கணக்கு வைப்பதும் அட்ஜுடண்டின் கடமை. தந்தையற்ற தம்பிக்குத் தமையனாரே வழிகாட்டியாயினார். அவர்தம் படையுடையும் போர்க்கதைகளும் இளைஞரது உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

1752-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாரன்ஸ் நோயால் இறந்தார். அவர் வகித்த பதவியைத் தமக்குத் தருமாறு வாஷிங்டன் வேண்டினார். மாகாணத்தைப் பல பகுதிகளாகப் பிரித்த கவர்னர் டின்விடி, ஒரு பகுதிக்கு இவரை மேஜர் பதவியில் அட்ஜுடண்டாக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 100 பவுன். அப்பொழுது அவர்க்கு இன்னும் இருபத்தொரு வயது நிரம்பவில்லை, போர்முகத்தைக் கண்டவருமல்லர். குடும்பத்தின் செல்வாக்கும் பெரியோர் சிலருடைய பரிந்துரையுமே அப்பத்திரத்தை வாங்கித் தந்தன. மாகாணப் படைகளில் அக்காலத்து வழக்கமும் அதுவே: கவர்னர் விரும்பியவர்க்குப் பத்திரம் வழங்குவார், தேர்வும் இல்லை, பயிற்சிச் சாலையும் இல்லை.

அரசர் பத்திரமும் கவர்னர் பத்திரமும்

1753-இல் ஓஹையோ ஆற்று நாட்டைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றத் தொடங்கினர். அவர்களை விலகச் சொல்லும் கடிதத்தைக் கொண்டு சென்று, கடுங்குளிரில் காடும் மலையும் கடந்து மீண்டார் வாஷிங்டன். மறு ஆண்டு, வர்ஜீனியாப் படைப்பிரிவின் லெப்டினண்டு கர்னலாக அனுப்பப்பட்டார். மேலவராகிய கர்னல் பிரை குதிரையினின்றும் வீழ்ந்து 1754 மே மாத இறுதியில் இறக்கவே, கர்னல் பதவி இவரை வந்தடைந்தது. வயதோ இருபத்திரண்டு.

இந்நிலையில் ஜூன் மாதத்தில், தென் கரோலினாவிலிருந்து காப்டன் ஜேம்ஸ் மக்கே என்பவர் ஏறத்தாழ நூறு வீரருடன் உதவிக்கு வந்து சேர்ந்தார். கர்னலுக்குக் காப்டன் கீழ்ப்பட்டவர் என்பதை அறியாதார் யார்? ஆயினும் மக்கே வைத்திருந்தது அரசர் பத்திரம். வாஷிங்டன் வைத்திருந்தது கவர்னர் பத்திரம். அரசரிடம் பதவி பெற்றவன் மாகாணக் கர்னலின் ஆணைக்குக் கட்டுப்படலாகாது என்று மக்கே பணிவாகவே, ஆனால் உறுதியாக, மறுத்தார். இரவுக் காவலர்க்குரிய அடையாளச் சொல்லையும் வாஷிங்டனிடமிருந்து பெற அவர் உடன்பட்டிலர். அவர் வீரர்கள் தனிக்கூலியின்றிப் பாதை வெட்டவும் மறுத்தனர். பகைவர் அணித்தே இருக்க, ஒரே படை இரண்டு பாசறையாய்க் கிடந்தது. ஜூலை 3-ஆம் நாள் பிரெஞ்சுக்காரர் நெசசிட்டிக் கோட்டையை வளைத்துக்கொண்டு கொட்டும் மழையிற் சுட்டனர். அன்றிரவே கோட்டை பணிந்தது. பணிவு ஒப்பந்தத்தில் காப்டன் மக்கேயின் கையெழுத்து முன்னும், கர்னல் வாஷிங்டனின் கையெழுத்து அதன்பின்னும் அமைந்தன.

இதனினும் பெரிய அடி பின்னர் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் வர்ஜீனியாப் படைப்பிரிவு தனித்தனிக் கம்பெனிகளாக உடைக்கப்பட்டது. காப்டனுக்கு மேற்பட்ட பதவி அதன்கண் இல்லையாயிற்று. மாகாணப் பத்திரம் பெற்றவர் அரசர் பத்திரம் பெற்றவர்க்குப் பின்னரே நிற்கவேண்டும் என்றும், மாகாணக் கர்னல் முதலியோர்க்கு அரசர் படையின் அத்தகைய தலைவரோடு கூடியிருக்கும்போது பதவி மதிப்பே கிடையாது என்றும் 1754 நவம்பரில் அரசாணையும் பிறந்தது. வாஷிங்டன் பதவியைத் துறந்தார். கர்னல் என்னும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காப்டன் வேலையைப் பார்க்கலாம் என்று மேரிலாந்துக் கவர்னரின் சார்பில் நண்பர் ஒருவர் எழுதினார். உரிய மதிப்பும் ஊதியமும் இல்லாத வெறும் பெயரை ஏற்பவனென்று தம்மை எண்ணுவது தம்மைத் தாழ்த்துவதாகும் எனக் கூறி, வாஷிங்டன் அதனை ஏலாது விடுத்தார். கௌரவப் பெயரொன்று அவரை நாடி வந்ததும், அவர் அதனைத் தள்ளியதும் இதுவே முதன்முறை.

பாஸ்டன் பயணம்

1755-இல் பிராடக் என்னும் பிரிட்டிஷ் ஜெனரல் பெரும்படையுடன் வந்தார். காப்டனுக்கு மேற்பட்ட பதவியை அளிக்க அவர்க்கும் அதிகாரம் இல்லை. ஆதலின் வாஷிங்டன் பதவியும் சம்பளமும் வேண்டாது, தாமே விரும்பி வந்த துணைவராக ஜெனரலின் அருகிருந்தார். ஜூலை 9-ஆம் நாள் மொனாங்கஹீலா ஆற்றங்கரையில் அப்படை சிதறுண்டது. பிராடக் படுகாயமுற்றுச் சின்னாளில் மாண்டார். வாஷிங்டன் ஏறியிருந்த குதிரைகள் இரண்டு வீழ்ந்தன. அவர் மேலங்கியை நான்கு குண்டுகள் துளைத்தன. அவரோ காயமின்றி மீண்டு, எஞ்சிய வீரரைத் திரட்டி வந்தார். பத்திரம் ஏதுமின்றியே தலைமை செய்தவரைக் கண்ட வர்ஜீனியா, அடுத்த மாதமே அவரைத் தன் படைகள் அனைத்துக்கும் தலைவராக்கிக் கர்னல் பத்திரம் வழங்கிற்று.

ஆயினும் பழைய முட்டுக்கட்டை நீங்கவில்லை. கம்பர்லண்டுக் கோட்டையில் மேரிலாந்துக் காப்டன் டாக்வொர்த்தி என்பவர் இருந்தார். அவர் கீழ் இருந்தவர் மிகச் சிலரே. எனினும், முன்னொரு போரில் தாம் பெற்ற அரசர் பத்திரத்தைக் காட்டி, வர்ஜீனியாப் படைகளின் தலைவரும் தமக்குக் கீழ்ப்பட்டவரே என்றார். இவ்வழக்கைத் தீர்த்துக்கொள்ள வாஷிங்டன் 1756 பிப்ரவரியில், பனிக்காலத்திற் பல நூறு மைல் குதிரைமேற் சென்று, பாஸ்டன் நகரத்திருந்த பிரிட்டிஷ் படைத்தலைவர் ஷெர்லியைக் கண்டார். டாக்வொர்த்தி வாஷிங்டனுக்குக் கீழ்ப்பட்டவரே என்று ஷெர்லி தீர்ப்பளித்தார். வாஷிங்டனும் அவர்தம் துணைத்தலைவரும் வேண்டிய அரசர் பத்திரமோ கிடைத்திலது. மறு ஆண்டு பிலடெல்பியாவில் லௌடன் பிரபுவிடமும் முறையிட்டார். பயன் ஒன்றும் இல்லை.

இக்காலத்தில் அவர் எழுதிய கடிதங்களில் மனக்கசப்பு மிகுதியாகவே காணப்படும். அரசர் படையினர் செய்யும் அதே வேலையைத் தம்மவர் குறைந்த சம்பளத்துக்குச் செய்வதையும், இரத்தம் சிந்தியும் மதிப்புப் பெறாமையையும் அவர் பன்முறை குறைகூறினார். அவரை எக்காலத்தும் அமைதியே உருவானவராகக் காட்டுவது உண்மைக்கு மாறாம். அவரும் ஏங்கினார், சினந்தார், பதவியை விட்டுவிடுவதாகப் பலகாலும் கூறினார். அங்ஙனமிருந்தும் எல்லைப்புறக் குடிகளைக் காக்கும் வேலையைக் கைவிடாது மூன்றாண்டுகள் நடத்தினார். 1758 நவம்பரில் ஜெனரல் போர்ப்ஸின் படையில் ஒரு பிரிவை நடத்திச் சென்று, பிரெஞ்சுக்காரர் எரித்துவிட்டு ஓடிய டூகேன் கோட்டையை அடைந்தார். போரின் நோக்கம் நிறைவேறியது; அதன்பின்னரே பதவியைத் துறந்து வீடு திரும்பினார். அரசர் பத்திரம் என்பது அவர் வாழ்நாளில் வரவேயில்லை.

காங்கிரஸ் அளித்த பத்திரம்

1759 ஜனவரியில் மார்த்தா கஸ்டிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்து, பதினாறு ஆண்டுகள் மவுண்ட் வெர்னனில் வேளாண்மை செய்தும், மாகாணச் சட்டசபையில் இருந்தும் வாழ்ந்தார். அப்பண்ணையின் செல்வம் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பதை மறைத்தல் தகாது. அவர்க்கு உரிமையான அடிமைகள் இறுதிக்காலத்தில் 120-க்கு மேற்பட்டவர். அவர்கள் தம் மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலை பெறவேண்டும் என்று அவர் மரண சாசனம் எழுதினார்; அம்மையாரோ தாம் உயிரோடிருக்கும்போதே, 1801-ஆம் ஆண்டு முதல் நாளன்று அவர்களை விடுவித்தார். விடுதலைக்குப் போர் செய்தவர் வாழ்வில் இக்கறை இருந்தது. அவர் அதனை உணர்ந்து துடைக்க முயன்றது காலங்கடந்தே நிகழ்ந்தது.

1775-இல் மாகாணங்கட்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் போர் மூண்டது. ஜூன் 15-ஆம் நாள் பிலடெல்பியாவிற் கூடிய காங்கிரஸ் சபை வாஷிங்டனைப் படைமுதல்வராக ஒருமனதாகத் தேர்ந்தது. 19-ஆம் நாளிட்ட பத்திரத்தில் சபைத்தலைவர் ஜான் ஹான்காக் கையொப்பமிட்டார். மாதம் 500 டாலர் சம்பளத்தை அவர் மறுத்து, செலவுக்கணக்கை மட்டும் தருவதாகக் கூறினார். அப்பத்திரத்தின் வாசகம் கருதத்தக்கது: அவர் காங்கிரசின் ஆணைக்கு அடங்கி ஒழுகவேண்டும், அக்காங்கிரசோ பின்வரும் காங்கிரசோ மீட்டுக்கொள்ளும்வரை அப்பத்திரம் செல்லும். மன்னர் ஒருவரிடமிருந்து கிடைக்காத பத்திரத்தை மக்களின் பிரதிநிதிகள் தந்தனர். தரும்போதே, அது திரும்பப் பெறத்தக்க பொருள் என்பதையும் எழுதிவைத்தனர்.

இனி, ஏனைய தலைவர்கள் பத்திரம் பெற்ற முறையைக் காண்பாம். சில மாகாணங்களில் குடிப்படை வீரரே தம் காப்டனைத் தேர்ந்தெடுத்தனர். நிலைப்படை அமைந்தபின், 1776-இல் காங்கிரஸ் ஒரு முறையை வகுத்தது. கர்னல் வரையுள்ள தலைவர்களை அந்தந்த இராச்சியமே பொறுக்கி எடுக்கும். பத்திரத்தைக் காங்கிரஸ் வழங்கும். ஜெனரல்களைக் காங்கிரசே நியமிக்கும். தகுதி நோக்காது, வேண்டியவரை நோக்கி இராச்சியங்கள் நியமனம் செய்வதாகவும், காலந்தாழ்த்துவதாகவும் வாஷிங்டன் அடிக்கடி வருந்தி எழுதினார். ஜெனரல்களை உயர்த்துவதிலும் அந்தந்த இராச்சியம் அனுப்பிய வீரர் தொகையையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று 1777 பிப்ரவரியில் காங்கிரஸ் முடிவுசெய்தது. அதனால் விளைந்த துன்பம் ஒன்றைக் கூறுவாம்.

இருவர் அடைந்த ஒரே புண்

பெனிடிக்ட் அர்னால்டு என்பவர் கனெக்டிகட் இராச்சியத்தினர், அஞ்சாநெஞ்சர், காயம்பட்டும் போரிலிருந்து பின்வாங்காதவர். அவ்வாண்டு பிப்ரவரியில் ஐவர் மேஜர் ஜெனரல்களாக நியமிக்கப்பட்டனர். ஐவரும் அர்னால்டுக்கு இளையவர். கனெக்டிகட்டிலிருந்து முன்னமே இரண்டு மேஜர் ஜெனரல்கள் இருந்தமை அவர் விடப்பட்டதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இதனை வாஷிங்டன் முன்னதாக அறிந்தவரல்லர். செய்தி கேட்டவுடன், விரைந்து பதவி துறக்கவேண்டா என்று அர்னால்டுக்கு ஆறுதலாக எழுதி, காங்கிரசிடமும் அவருக்காகப் பரிந்துரைத்தார். பத்திரத்தின்பொருட்டுப் பனியிற் குதிரையேறிச் சென்றவர்க்கன்றோ அப்புண்ணின் வலி தெரியும்! மே மாதத்தில் அர்னால்டு மேஜர் ஜெனரலாயினார். அவ்வாண்டு அக்டோபரில் சாரடோகாப் போரிற் காலில் அடிபட்டு வீழ்ந்தபின், பறிபோன முதன்மையும் திருப்பித் தரப்பட்டது. ஆயினும் அவர் மனம் ஆறவில்லை. கடன்சுமை, பண ஆசை, பிறர் சாட்டிய குற்றங்கள் ஆகியவற்றுடன் இப்பழங்கசப்பும் கூடி அவரைக் கெடுத்தன. 1780 செப்டம்பரில் வெஸ்ட் பாயிண்டுக் கோட்டையைப் பகைவர்க்கு விற்க முயன்று, வெளிப்பட்டவுடன் ஓடிப்போய், பிரிட்டிஷ் படையிற் பிரிகேடியர் பதவி பெற்றார்.

வாஷிங்டனுக்கும் அர்னால்டுக்கும் நேர்ந்த அவமதிப்பு ஒருதன்மையது. தகுதியிருந்தும் பதவி மறுக்கப்பட்டமையே அது. ஒருவர் அதனைப் பொறுத்துக்கொண்டு, பிறர்க்கு அது நேராமற் காக்கக் கற்றார். மற்றவர் அதனைக் காட்டித் தாம் செய்யக்கூடாதது ஒன்றுமில்லை என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். நம் அன்பர்கள் இவ்விடத்துச் சிறிது நின்று எண்ணுவாராக.

அயல்நாட்டிலிருந்து பதவி வேண்டி வந்தவராலும் தொல்லை மிகுந்தது. பாரிஸ் நகரத்தில் அமெரிக்கத் தூதர் பலர்க்கு உயர்பதவி வாக்களித்துவிட்டார். அவ்வாறு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் தமக்கு மேலதிகாரியாவார் எனக் கேட்ட கிரீன், சலிவன், நாக்ஸ் என்னும் மூன்று ஜெனரல்கள், அங்ஙனமாயின் தாம் விலகுவதாக 1777-இல் எழுதினர். லாபாயெட் என்னும் இளம் பிரபுவோ சம்பளம் வேண்டாது பணிசெய்ய முன்வந்து, பத்தொன்பதாம் வயதில் மேஜர் ஜெனரல் பத்திரம் பெற்றார். அது பெரும்பாலும் கௌரவத்துக்கே என்று காங்கிரஸ் எண்ணியது. அவரோ படை நடத்த விரும்பினார். வாஷிங்டன் அவரை மகன்போல் அருகில் வைத்துப் பழக்கி, திறம் கண்டபின்னரே படைப்பிரிவை ஒப்புவித்தார்.

பத்திரத்தைத் திரும்பக் கொடுத்தல்

போர் முடிவுறும் தறுவாயில், 1783 மார்ச்சில், நியூபர்க் பாசறையிலிருந்த தலைவர்கள் சம்பளபாக்கி வாராமையாற் கொதித்தனர். காங்கிரசைப் படைவலியால் அச்சுறுத்தலாம் என்ற எண்ணம் பரவியது. 15-ஆம் நாள் கூட்டத்தில் வாஷிங்டன் தாமே தோன்றி, அவ்வழி தவறு என்று எடுத்துரைத்தார். பின்னர் ஒரு கடிதத்தைப் படிக்கப் புகுந்தவர், எழுத்துத் தெரியாது தடுமாறி, மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்து, நாட்டுப் பணியிலேயே தம் தலை நரைத்துக் கண்ணும் மங்கிவருவதைக் கூறினார். அவரைக் கண்ணாடியுடன் அதற்குமுன் கண்டிராத தலைவர் பலர் கண்ணீர் உகுத்தனர். கிளர்ச்சி அடங்கிற்று.

அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், 1777 முதல் உயர்வின்றி ஒரே பதவியில் இருந்த தலைவர்கட்குப் பிரெவெட் முறையில் ஒரு படி உயர்வு அளிக்கக் காங்கிரஸ் முடிவுசெய்தது. காப்டனாக இருந்தவர் மேஜர் என்னும் பெயரோடும், லெப்டினண்டு கர்னலாக இருந்தவர் கர்னல் என்னும் பெயரோடும் ஊர் திரும்பினர். பொருள் கொடுக்க இயலாத அரசு பெயரைக் கொடுத்தது. அதனை இகழ்தல் வேண்டா; எட்டாண்டு உழைத்தவன் தன் ஊரில் அப்பெயரால் அழைக்கப்படுவதும் ஒரு கூலியே. ஆனால் அது முழுக்கூலி ஆகாது என்பதையும் மறத்தல் ஆகாது.

1783 டிசம்பர் 23-ஆம் நாள் மேரிலாந்தின் தலைநகராகிய அனாபலிஸில் காங்கிரஸ் கூடியிருந்தது. வந்திருந்த உறுப்பினர் ஏறத்தாழ இருபதின்மரே. அவர்கள் தொப்பி கழற்றாது அமர்ந்திருந்தனர். வெற்றிபெற்ற படைமுதல்வர் நின்று வணங்கினார். அவர்கள் தொப்பியைச் சிறிதே உயர்த்தினர், எழுந்திலர். படையைவிடக் குடிகளின் சபை பெரிது என்பதைக் காட்டவே இம்முறை வகுக்கப்பட்டிருந்தது. வாஷிங்டன் கை நடுங்க உரையைப் படித்து, எட்டரை ஆண்டுகட்குமுன் பெற்ற அப்பத்திரத்தைத் தம் அங்கியினின்றும் எடுத்துச் சபைத்தலைவர் மிப்ளின் கையில் கொடுத்தார். மிப்ளின் ஒருகாலத்தில் அவருக்கு எதிராக இருந்தவர். அரியணை ஏறவல்ல நிலையில் இருந்தவர் மறுநாள் மாலை தம் பண்ணைவீடு சேர்ந்தார்.

இராச்சியங்களின் உரிமை

1787-இல் வாஷிங்டன் தலைமையிற் கூடிய மாநாடு அரசியற் சட்டத்தை இயற்றியது. ஐக்கிய நாட்டுப் படைத்தலைவர்கட்குக் குடியரசுத் தலைவர் பத்திரம் வழங்குவார் என்றும், குடிப்படைத் தலைவர்களை நியமிக்கும் உரிமை அந்தந்த இராச்சியத்திற்கே என்றும் அச்சட்டம் பகுத்துவைத்தது. இவ்விரு கைகளின் பூசலில் இளமையிலே அடிபட்டவர் அவைத்தலைவராக இருக்க அப்பகுப்பு நிகழ்ந்தது. 1794-இல், சாராய வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாவில் கலகம் எழுந்தபோது, குடியரசுத் தலைவராகிய வாஷிங்டன் நான்கு இராச்சியங்களின் குடிப்படையினர் ஏறத்தாழ 13,000 பேரைத் திரட்டினார். பத்திரம் கவர்னர்களுடையது, ஆணை குடியரசுத் தலைவருடையது. வர்ஜீனியாக் கவர்னர் ஹென்றி லீ தலைமை ஏற்றார். பென்சில்வேனியாக் கவர்னராக வந்தவர் முன்கூறிய மிப்ளினே. யார்க்கு யார் கீழ் என்ற வழக்கு அம்முறை படையைப் பிளக்கவில்லை.

அவ்விரட்டை முறையே இன்றும் அங்கு நின்று நிலவுகின்றது. குடிப்படை நேஷனல் கார்டு என்னும் பெயர் பெற்றது. 1903, 1916, 1933 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதனைச் செப்பஞ்செய்தன. கவர்னர் ஒருவரைத் தலைவராக நியமிப்பார். அப்பதவியை மைய அரசும் ஏற்கவேண்டுமாயின், கல்வி, உடல்நலம், பணிக்காலம் முதலியன ஆராயப்பட்டு ஒப்புதல் கிடைக்கவேண்டும். அவ்வொப்புதல் இல்லாத உயர்வு அவ்விராச்சியத்தின் எல்லைக்குள்ளேயே செல்லும். ஓய்வுபெறும் தலைவர்க்குக் கௌரவமாக ஒரு படி உயர்த்திப் பத்திரம் வழங்கும் வழக்கம் சில இராச்சியங்களில் உண்டு. கெண்டக்கிக் கவர்னரோ, படையையே அறியாத நல்லோர்க்கும் கர்னல் பட்டம் அளிப்பார். அது முற்றிலும் மரியாதைப் பட்டம். லாரன்ஸ் வாஷிங்டன் வகித்த அட்ஜுடண்டு பதவியின் வழிவந்த அட்ஜுடண்டு ஜெனரல் பதவியும் ஒவ்வோர் இராச்சியத்திலும் உள்ளது.

இறந்தபின் வந்த உயர்வு

1798-இல் பிரான்சுடன் போர் வருமோ என்ற அச்சம் எழுந்தது. குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ், ஓய்ந்திருந்த வாஷிங்டனை முன்னதாக உசாவாமலே லெப்டினண்டு ஜெனரலாக நியமித்தார். ஜூலை 4-ஆம் நாளிட்ட பத்திரத்தைப் போர்மந்திரியே மவுண்ட் வெர்னனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அறுபத்தாறு வயது முதியவர், படை களம் புகும்வரை தம்மை அழைக்கலாகாது என்ற வேண்டுகோளோடு ஏற்றார். அப்பொழுதும் ஹாமில்டன், பிங்க்னி, நாக்ஸ் என்னும் மூவருள் முதல்வர் யார் என்ற பூசல் எழுந்தது. ஹாமில்டனை முன்வைக்கவேண்டும் என்று வாஷிங்டன் வற்புறுத்த, பழந்தோழர் நாக்ஸ் மனம் நொந்து பதவியை மறுத்தார். பதவிப் பூசலின் வலியறிந்தவரும் அதனைப் பிறர்க்கு நேராமற் காக்க எக்காலத்தும் வல்லவராதல் இல்லை.

1799 மார்ச்சில், படைகள் அனைத்தின் ஜெனரல் என்னும் தனிப்பதவியைச் சட்டம் உண்டாக்கியது. ஆடம்ஸ் அப்பதவியை யார்க்கும் அளித்திலர். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் வாஷிங்டன் லெப்டினண்டு ஜெனரலாகவே இறந்தார். பிற்காலத்தில் கிராண்டு, பெர்ஷிங் முதலியோர் அவரினும் உயர்ந்த பதவிப் பெயர்களைப் பெற்றனர். நாட்டின் முதற் படைமுதல்வர் பட்டியலிற் கீழே நிற்பது தகாது என்று கருதிய காங்கிரஸ், விடுதலையின் இருநூறாம் ஆண்டாகிய 1976-இல், அவரைப் படைகள் அனைத்தின் ஜெனரலாக உயர்த்தவும், முன்னும் பின்னும் உள்ள எல்லாத் தலைவர்க்கும் அவரே மேலானவர் எனக் கொள்ளவும் தீர்மானித்தது. அக்டோபரில் குடியரசுத் தலைவர் போர்டு கையொப்பமிட்டார். ஜூலை 4-ஆம் நாள் முதல் அது செல்லும் என வைக்கப்பட்டது. இறந்து 177 ஆண்டுகள் ஆகும் காலத்து வந்த உயர்வு அது.

வாஷிங்டன் மிக விரும்பிய அரசர் பத்திரம் அவர்க்கு வரவில்லை. எல்லாவற்றினும் உயர்ந்த பத்திரம் அவர் அறியாக் காலத்தில் வந்தது. இடையே வந்த காங்கிரஸ் பத்திரம் ஒன்றே அவர் பெருமைக்குக் காரணமாயிற்று. அதனைப் பெற்றமையினும், வேலை முடிந்தவுடன் கேளாமலே திருப்பிக் கொடுத்தமையால் உலகம் அவரைப் போற்றுகின்றது. பதவி ஊரார் நம்மிடம் ஒப்புவித்த அடைக்கலப்பொருள் என்பதை அவர் செயலாற் காட்டினார்.

நம் இல்லங்களிலும் உத்தியோக உயர்வை எதிர்நோக்கி இளைப்பாரும், இளையவர் முந்திச் சென்றதனால் உறக்கம் இழப்பாரும் உளர். சங்கப் பொறுப்பிலும் கோயிற் பொறுப்பிலும் அமர்ந்தார்க்கு எழும் வழக்குகளையும் நாம் அறிவோம். மறுக்கப்பட்டவர் வர்ஜீனியாவின் இளங்கர்னலை நினைந்து தம் வேலையைக் கைவிடாதிருப்பாராக. அமர்ந்தவர் அனாபலிஸ் சபையில் நின்ற படைமுதல்வரை நினைந்து, கொடுக்கும் நாளுக்கும் ஆயத்தமாக இருப்பாராக. இவ்வரலாற்றைப் பெற்றோர் தம் மக்கட்குச் சொல்லும்போது, அவர் பெற்ற வெற்றிகளோடு இவ்வேக்கங்களையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.